ஐப்பசி மழையும் கடிதப் பெட்டியும்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



சாதுர்மாஸ்யம் என்னும் சொல் நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த சொல். ஆஷாட மாதத்துப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ நான்கு திங்கள் நம் முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குவர். மழை நாளில் புல் முளைக்கிறது. புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. நடக்கின்ற கால் அறியாமல் ஓருயிரை நசுக்கிவிடக்கூடும். ஆதலின் நடையைச் சுருக்கிக் கருணையைப் பெருக்குவதே அவ்விரதத்தின் உட்பொருள். பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய தீபாவளி நாளை ஒட்டி அது நிறைவுறுகிறது.

இங்கே நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. வட இந்தியாவில் சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை, தீபாவளி வரும்போது ஓய்ந்து வானம் தெளிந்துவிடும். அந்நாட்டார்க்குச் சரத் காலம் என்பது உலர்ந்த காலம். நம் தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித்தான் தொடங்குகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடு அதன் பின்னரே பெய்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம் என்று நம் முன்னோர் வகுத்தது இம்மழையைக் கண்டுதான். முனிவர்களின் மழைக்கால விரதம் முடியும் வேளையில், தமிழ்நாட்டு இல்லறத்தாரின் மழைக்காலம் தொடங்குகிறது. விரதத்தின் நாட்கணக்கை மட்டும் கொண்டு அதன் காரணத்தை விட்டுவிட்டால், மிகுந்த கவனம் வேண்டிய நாட்களில் நாம் கவனமின்றி இருப்போம்.

இக்கவனம் அடுக்களை முதல் கடிதப் பெட்டி வரை எவ்வாறு செல்ல வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள். ஒரு பழங்கடிதத்தைக் காப்பதற்கும் அகிம்சைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டவன்தான். உத்தியோகத்தின் பொருட்டு வந்தவாசிப் பகுதியிலிருந்து காரைக்குடிக்குக் குடிவந்த பிறகு, அண்டை வீட்டுப் பெட்டி ஒன்றையும் என் வீட்டுப் பெட்டி ஒன்றையும் கண்டே அத்தொடர்பை உணர்ந்தேன்.

மழையை அறிந்த வீடுகள்

சிவகங்கை மாவட்டத்தின் செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய வீடுகளைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தளக்கற்களையும் வியந்து செல்கின்றனர். அங்கே சில ஆண்டுகள் வாழ்பவர்க்கோ, அவ்வீடுகள் மழையோடு எவ்வாறு இணங்கி நிற்கின்றன என்பதே பெரிய பாடமாகத் தோன்றும்.

தெருவினும் உயர்ந்த அடித்தளம், ஏறிச் செல்லும் படிகள், அகன்ற திண்ணை, முகப்பைக் கடந்தால் வானம் பார்த்த வளவு, அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், அப்பால் இரண்டாம் கட்டும் அடுப்படியும். நாற்புறத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் விழும். அண்டாவில் பிடித்தது போக எஞ்சியது வடிகால் வழியே வெளியேறும். அறைகளின் சுவரில் சாரல் படாது. முற்றத்தின் வழியே காற்றும் ஒளியும் ஓயாது உட்புகுதலால், உள்ளறைகளில் ஈரம் நெடுநாள் தங்காது. மழையைத் தடுக்காமல் அதற்கு வழி விட்டு, ஈரத்தை மட்டும் தங்கவிடாமல் செய்த கட்டட அறிவு அது.

இன்று அவ்வீடுகளுள் பல பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் கதவு திறக்கிறது. ஓடு ஒன்று நகர்ந்தாலும் பார்ப்பார் இல்லை. வீட்டைக் காத்தவை தேக்கும் சுண்ணமும் மட்டுமல்ல, நாள்தோறும் அதனுள் நடமாடிய கண்களும் கைகளுமே என்பது பூட்டிய வீட்டைக் கண்டால் விளங்கும்.

ஆச்சியின் பெட்டி

எங்கள் தெருவில் முதிய ஆச்சி ஒருவர் இருந்தார். புரட்டாசி மாதம் நவராத்திரிக்கு முன், ஒரு நல்ல வெயில் நாளில், சிறிய தேக்குப் பெட்டி ஒன்றை வளவுக்குக் கொண்டுவரச் செய்வார். பெட்டியை வெயிலில் வைப்பார். உள்ளிருந்த கடிதக் கட்டுகளைத் தாழ்வாரத்து நிழலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்புவார். இரங்கூனிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்கள் அவை.

இதன் வரலாற்றை இளையவர்கள் அறிதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நகரத்தார் கொண்டுவிற்கச் சென்ற நாடுகள் பர்மா, இலங்கை, மலாயா, இந்தோசீனம் ஆகியவை. மேலாளராகச் சென்றவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பர். அம்மூன்றாண்டும் குடும்பத்தைக் கட்டி வைத்தது கடிதம் ஒன்றே. வட்டிக் கணக்கும் அதில் வரும். பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததா என்னும் கவலையும் அதிலேயே வரும். 1942 மார்ச்சு 8ஆம் நாள் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றிய பின், கடல் கடந்த கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த வீடுகள் பல. அதற்கு முன் வந்த கடைசிக் கடிதமே சில இல்லங்களில் ஒருவரின் கடைசிக் குரலாக நின்றுவிட்டது.

கண் மங்கியதால் கடிதங்களைப் படித்துக் காட்டுமாறு ஆச்சி என்னை அழைப்பதுண்டு. ஒருமுறை ஒட்டுப் பிரியாத உறை ஒன்று என் கையில் பட்டது. இதைப் பிரித்துப் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. அது எங்க நாத்தனார் பேருக்கு வந்தது. அவுக போன பிறகு வந்து சேர்ந்த கடுதாசி. அவுக படிக்காததை நாம படிக்கலாமா? அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அக்கடிதம் பிரிக்கப்படாமலே மீண்டும் பெட்டிக்குள் சென்றது. ஆச்சி சமணர் அல்லர். நம் நூல்களைக் கற்றவரும் அல்லர். ஆயினும் நம் ஆசிரியர்கள் இல்லறத்தார்க்கு விதித்த ஒரு விரதத்தை அவர் வாழ்ந்து காட்டினார். அதனைப் பின்னர் விளக்குவேன்.

என் வீட்டுப் பரண்

ஆச்சியின் பெட்டியைக் கண்ட அதே ஆண்டில், கார்த்திகை மாதத்தில், எங்கள் பரணிலிருந்து என் தந்தையாரின் கடிதங்களை இறக்கினேன். ஊரிலிருந்து குடிபெயர்ந்தபோது, நனையாதிருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் இட்டு இறுகக் கட்டி வைத்தவன் நானே. பிரித்தபோது ஒரு புழுங்கல் வாடை வந்தது. கடிதங்கள் ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. கருமையும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. குண்டூசி இருந்த இடமெல்லாம் துருவேறித் தாள் உதிர்ந்தது. வெளி ஈரம் உள்ளே போகாதிருக்கச் செய்த கட்டு, உள்ளே இருந்த ஈரத்தையும் வெளியே விடவில்லை.

அக்கடிதங்களைத் தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் அத்தை, தம் மகள் திருமணத்துக்கென்று சில பொன் வளையல்களை என் தந்தையாரிடம் காப்பாகக் கொடுத்து வைத்திருந்தார். எத்தனை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். தந்தையாரும் அத்தையும் மறைந்த பின் அத்தை மகன் வந்து கேட்டார். வளையல்கள் ஆறு என்பது அவர் கேட்டிருந்தது. நான்கு என்பது என் தாயாரின் நினைவு. எழுதிய தாளோ பூஞ்சணத்தில் கரைந்துவிட்டது.

முடிவில் ஆறாகவே கொடுத்தோம். இரண்டு வளையல் கூடச் சென்றதில் வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் அவர்கள் எங்களை ஐயுற்றார்கள். நாங்கள் அவர்களை ஐயுற்றோம். இரு வீட்டாரும் பொய்யர் அல்லர். ஆயினும் கோபமும் மானமும் இரு வீட்டிலும் மூண்டன. அக்கஷாயங்களுக்கு வித்திட்டது என் கவனக்குறைவே. ஒரு தாளை ஈரத்தில் விட்டதன் பயன் இரு குடும்பத்தார் உள்ளத்தில் விளைந்தது.

ஆசிரியர்கள் உரைத்தது

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஆதானம் என்பது எடுத்தல். நிக்ஷேபணம் என்பது வைத்தல். நூலையோ கமண்டலத்தையோ எடுக்கும்போதும் வைக்கும்போதும், அவ்விடத்தைக் கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மென்மையாக நீவி, உயிர்கள் இல்லாமை தெளிந்த பின்னரே எடுத்து வைக்க வேண்டும். முனிவர்க்கு முழுமையாக விதித்த இதனை, இல்லறத்தார் தம் ஆற்றலுக்கு ஏற்பப் பழக வேண்டும். பெட்டியில் கடிதத்தைத் திணித்துவிட்டுப் பத்தாண்டு திரும்பிப் பாராதவன், வைத்தான் எனப்படான். எறிந்தான் எனவே படுவான்.

ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகக் கூறுவர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. இல்லறத்தான் இதனை அறவே விட வேண்டும். சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்பி. இதனை இயன்ற அளவு குறைக்க வேண்டும். இனி, புத்தகங்களிலும் கடிதங்களிலும் இராமபாணப் பூச்சி பெருகிவிட்டது எனக் கொள்வோம். மருந்து தெளித்துக் கொன்றால் அது எண்ணிச் செய்த கொலை ஆகிறது. கொல்லாமல் விட்டால் நூல் அழிகிறது. இந்த இரண்டுக்கும் இடையே சிக்கியவன் எந்த வழியிலும் இழக்கிறான். ஆனால் அந்நிலை ஒரே நாளில் வருவதன்று. இருளும் ஈரமும் அசைவின்மையும் ஓரிடத்தில் நெடுநாள் கூடியிருந்ததால் வந்தது. தோன்றவிட்டுப் பின் அழிப்பதைக் காட்டிலும் தோன்றாமலே காப்பதுதான் அறம். அப்பளமும் ஊறுகாயும் பூஞ்சணம் பிடித்தபின் உண்ணத்தகாதவை என விலக்குகிறோம். பிடிக்காமல் காப்பவளையே நல்ல சிராவகி என்கிறோம். கடிதத்துக்கும் அதுவே நெறி.

சத்திய அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தென உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். பிறரைத் தவறான வழிக்குத் தூண்டுதல், மறைவாக நிகழ்ந்ததை வெளிப்படுத்தல், பொய்ப் பத்திரம் எழுதுதல், காப்பாக வைத்த பொருளைக் குறைத்துக் கொடுத்தல், குறிப்பால் அறிந்த இரகசியத்தைப் பரப்புதல் என்பன அவை. இவற்றைக் கடிதப் பெட்டியின் அருகில் வைத்துப் பாருங்கள். பிறர் பெயருக்கு வந்த மடலைப் பிரிப்பது மறைவை வெளிப்படுத்தும் குற்றத்துக்கு வாயில். தேதியையோ தொகையையோ திருத்துவது பொய்ப் பத்திரம். காப்புப் பொருளின் கணக்கை அறியும் சான்றைக் கெடவிடுவது, கொண்ட பொருளைக் குறைத்துக் கொடுக்கும் நிலைக்கு நம்மை அறியாமலே கொண்டு செல்லும். ஆச்சி ஒட்டுப் பிரியாத உறையைத் திரும்ப வைத்தபோது காத்தது இவ்விரதத்தையே.

நாள்தோறும் செய்யத்தக்கன

கூதிர்க் காலத்து வீட்டு ஒழுக்கம் சிலவற்றை முதலில் நினைவூட்டுகிறேன். இம்மாதங்களில் காரைக்குடியில் மாலை ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். அலுவலகத்திலிருந்து வருவோர்க்கு இரவுணவு விலக்கும் விரதம் கடினமாவது இப்போதுதான். காலையிலேயே மாலைக்குரிய சமையலைத் திட்டமிட்டு, பொழுது இருக்கும்போதே உண்ணும் ஏற்பாட்டைக் குடும்பத்தார் கூடி வகுத்துக்கொள்ள வேண்டும். மழை விட்ட மாலையில் ஈசல் விளக்கைத் தேடி வரும். வெளிவிளக்கைச் சற்று அணைத்து வைத்தால் அவை வெளியே பறந்து போகும். குடிநீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டும் வழக்கம் குழாய் நீருக்கும் விலக்கன்று. முற்றத்தில் பிடித்த மழைநீரை மூடி வைக்க வேண்டும். திறந்த நீரில் கொசு பெருக விட்டுப் பின் கொல்லுவது நம் நெறியாகாது.

அஞ்சலைப் பொறுத்தவரை, பலர் வீட்டில் கடிதம் விழும் இடம் வாயிற்படி அல்லது கம்பிக் கதவின் இடுக்கு. இரண்டும் சாரல் படும் இடம். மேலே சரிந்த மூடியுள்ள சிறு பெட்டி ஒன்றை இடுப்பளவு உயரத்தில், கூரைக்கு உள்ளடங்கிய சுவரில் மாட்டுங்கள். அடியில் இரண்டு துளை இருந்தால் புகுந்த நீர் வடியும். நாளும் ஒருவர், முடிந்தால் வீட்டுப் பிள்ளை, அதனைத் திறந்து எடுக்கும் கடமையை ஏற்கட்டும். திறக்குமுன் உள்ளே பல்லியோ சிலந்தியோ இருக்கிறதா என்று நோக்கப் பழக்குங்கள். ஆதான சமிதி அங்கேயே தொடங்கிவிடும். வந்த மடலை உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

நாம் அனுப்பும் கடிதத்தின் முகவரியை இம்மாதங்களில் மைப்பேனாவால் எழுத வேண்டாம். நீர் பட்டால் கரையும். பந்துமுனைப் பேனா தாங்கும். 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்கக் குறியீட்டெண்ணைத் தெளிவாக எழுதினால், ஊர்ப்பெயர் சற்று மங்கினாலும் மடல் வழி தவறாது. முக்கியமான மடல்களைப் பதிவு அஞ்சலில் விடுத்துப் பழகியவர்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அச்சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதை அறிந்துகொள்ள வேண்டும். இக்காலத்து இரசீதுகள் பல வெப்பத்தாளில் அச்சிடப்படுகின்றன. சில திங்களில் எழுத்து மறையும். ஆதலின் இரசீது எண்ணையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் அன்றே எழுதி வையுங்கள்.

கடிதங்களைக் காக்கும் முறை

மழைக்கு முன், புரட்டாசி வெயிலில் பெட்டியை வெறுமையாக்கிக் காய வையுங்கள். கடிதங்களை நேர் வெயிலில் இடலாகாது. மை வெளுக்கும், தாள் முறுகும். நிழலில் காற்றாட விடுவதே முறை. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்குங்கள். உயிர் ஏதும் இருந்தால் தாளோடு வெளியே கொண்டுபோய் உதறாமல் இறங்கவிடுங்கள். குண்டூசி, கம்பித் தையல், இரப்பர் வளையம் ஆகியவற்றை அகற்றிப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கடிதங்களைக் கொக்கிக் கம்பியில் குத்தி உத்திரத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. துளையும் துருவும் அதன் பயன்.

கட்டுகளைத் தூய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். மரக்கூழால் ஆன அம்மலிவுத் தாளின் புளிப்பு, தொட்டுக்கொண்டிருக்கும் தாளையும் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். பெட்டி தரையில் படாமல் மணைமேல் இருக்கட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். கரையான் மண்ணிலிருந்து மண்கூட்டு வழி அமைத்தே ஏறும்; இடைவெளி இருந்தால் அது நம் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். அடுப்படிக்கும் குளியலறைக்கும் அடுத்த சுவர் ஆகாது.

வசம்பையும் நிழலில் உலர்த்திய வேப்பிலையையும் சிறு துணியில் முடிந்து பெட்டியின் மூலைகளில் வைப்பது நம் ஏடு காத்த முன்னோர் முறை. அம்மணம் பூச்சியை அணுகவிடாது. ஈரமுள்ள இலையை வைத்தால் அதுவே கேடாகும். அந்துருண்டை பூச்சியைக் கொல்வது. அதன் ஆவி குழந்தைகளின் உடலுக்கும் தீங்கானது. ஆயினும் எந்த மூலிகையும் ஈரத்துக்கு மாற்றாகாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நிலைத்தால் பூஞ்சணத்துக்கு வழி உண்டு. மழை விட்டு வெயில் தலைகாட்டும் நாளில் பெட்டியைத் திறந்து ஒரு நாழிகை காற்றுப் படவிட்டு மூடுங்கள். தொடர்ந்து மழை பெய்யும் நாளில் திறக்காதிருப்பதே நலம்.

கடிதம் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். தேய்க்காதீர்கள், ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தாதீர்கள். மை உறிஞ்சும் தாளையோ வெள்ளைத் துணியையோ அடியில் இட்டுப் பரப்பி, மின்விசிறியின் காற்று நேரே படாமல் உலரவிடுங்கள். சற்றே உலர்ந்த பின் ஓரத்திலிருந்து மெல்லப் பிரிந்துவரும். கிழிந்ததைச் செல்லோ டேப்பால் ஒட்டுவதும், பத்திரத்துக்கும் சான்றிதழுக்கும் லேமினேஷன் செய்வதும் நன்மை போலத் தோன்றும் தீமைகள். டேப்பின் பசை பழுப்பாகித் தாளைத் தின்னும். லேமினேஷனைப் பிறகு நீக்க இயலாது.

இவையனைத்துக்கும் மேலாக, முக்கியமான மடல்களைப் படம் பிடித்து இரண்டு இடங்களில் வையுங்கள். கைப்பேசி உள்ள பேரப்பிள்ளைக்கு இது ஒரு பிற்பகல் வேலை. பெரியவர் அருகிருந்து, எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதைக் குறித்து என்று சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். பெயர் அறியாத கடிதம் காக்கப்பட்டும் பாதி இழந்ததே.

கோட்டையூர் காட்டிய வழி

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். தமிழ் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, பிறர் குப்பை என்று எறியும் துண்டறிக்கை, நாடக விளம்பரம், அழைப்பிதழ் ஆகியவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் அவர் வீட்டுக்கே வந்து படித்துச் சென்றனர். 1992இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றுச் சிதறாமல் தமிழகத்திலேயே வைத்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகளோடு தொடங்கிய அந்நூலகம் இன்று தமிழாய்வுக்குப் பெருங்கருவூலம். அரசு ஆணையிட்டுச் செய்த பணியன்று; ஒரு சிற்றூரில் ஒருவர் தம் வீட்டில் செய்தது.

நம் முன்னோர்க்கும் இப்பெருமை உண்டு. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருளை அவருக்கு விளக்கி உதவியவர்கள் கும்பகோணத்துச் சமண இல்லறத்தார். அவர்கள் ஏட்டைப் போற்றி, படித்து, பொருள் மறவாமல் வைத்திருந்திராவிட்டால், அப்பெருங்காப்பியத்தின் விளக்கம் எத்துணை மங்கியிருக்கும்!

காரைக்குடிக்கு மேற்கே குன்றக்குடி மலையில், சமண முனிவர்க்குரியவை என ஆய்வாளர் கருதும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மழையை அக்கல் தாங்கியது. தாள் அவ்வாறு தானே தாங்காது. அதற்கு ஆண்டுதோறும் ஒரு கை வேண்டும். ஆகமங்கள் ஏட்டில் அமைந்ததைப் போற்றும் சுருத பஞ்சமி நாளில் நூல்களைத் தூய்மை செய்கிறோம். வடநாட்டுச் சுவேதாம்பரர் தீபாவளியை அடுத்து வரும் ஞான பஞ்சமியில், மழைக்குப் பின் நூல்களை வெளியெடுத்துத் துடைக்கின்றனர். நம் நாட்டு மழைக்கு ஏற்பப் புரட்டாசியில் ஒரு நாளும் தையில் ஒரு நாளும் நாம் வகுத்துக்கொள்வோம்.

ஆச்சி இப்போது இல்லை. அப்பெட்டியை அவர் பேத்தி எடுத்துச் சென்றார். ஒட்டுப் பிரியாத அந்த உறை இன்னும் அவ்வாறே இருப்பதாகச் சென்ற ஆண்டு எழுதியிருந்தார். அக்கடிதத்தை உலர்த்தி, நாளிட்டு, என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதற்கு அருகில் என் அத்தை மகன் எழுதிய அஞ்சலட்டை ஒன்றும் இருக்கிறது. வளையல்கள் ஆறும் பெற்றுக்கொண்டதாகவும், தம் சொற்களைப் பொறுக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அது நனையாமல் காப்பேன்.

சிந்தித்து விடை காண்க

1. வடநாட்டு மழைக்காலத்துக்கும் தமிழ்நாட்டு மழைக்காலத்துக்கும் உள்ள வேறுபாடு நம் இல்லற ஒழுக்கத்தை எவ்வாறு மாற்ற வேண்டும்?

2. ஆதான நிக்ஷேபண சமிதியை உங்கள் வீட்டில் எவ்விரு செயல்களில் பழகலாம்?

3. பிறர் பெயருக்கு வந்த மடலைப் பிரிப்பது சத்திய அணுவிரதத்தின் எக்குற்றத்தோடு தொடர்புடையது?

4. பூச்சியைக் கொல்லாமல் தாளைக் காக்கும் வழிகளுள் முதன்மையானது எது? ஏன்?

5. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய கடிதம் யாருடையது? அதனைப் பெரியவரிடம் கேட்டு, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைக்க.